கரையேறிய குழந்தை மீண்டும் மூழ்குவது ஏன்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல் ஒன்றை அருகில் சென்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அதன் விலாப்புறத்தின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். அங்கே ஒரு வட்டமும், அவ்வட்டத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு கோடும் வரையப்பட்டிருக்கும். பக்கத்தில் சீப்பின் பற்களைப் போலச் சில சிறு கோடுகளும் இருக்கும். இதற்குப் பிளிம்சால் குறி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் முதலாளிகள் அளவுக்கு மீறிச் சரக்கேற்றியதால் கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்து விடாமல் போராடினார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டில் இக்குறி அந்நாட்டில் சட்டமாயிற்று. கோடு நீருக்குள் மறையும் அளவுக்குச் சரக்கேற்றக் கூடாது என்பதே அச்சட்டம்.

ஆர்க்கிமிடீஸ் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவ்விதிப்படி, மேல்தளம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தாலும் கப்பல் மிதக்கத்தான் செய்யும். பின் ஏன் கோட்டை அவ்வளவு தாழ்வாகப் போட்டு, வீணாக இடம் விடுகிறார்கள்? காரணம், கடலில் அலை உண்டு. அலை வந்து மோதும்போது தாக்குப் பிடிப்பதற்காக, நீருக்கு மேலே ஓரளவு உடல் மிச்சமிருக்க வேண்டும். இதை 'மிதப்பு இருப்பு' என்று சொல்லலாம். அந்தச் சிறு கோடுகளுக்கும் பொருள் உண்டு. 'எஸ்' என்பது கோடைக்காலக் கோடு. 'டபிள்யூ' என்பது குளிர்காலக் கோடு. குளிர்காலக் கடல் கொந்தளிப்பு மிக்கது. ஆகவே அக்கோடு இன்னும் தாழ்வாக இருக்கும். அதாவது, மோசமான பருவத்தில் கப்பலுக்குக் கூடுதல் இருப்பு தேவை.

இதே கணக்கு மிகச் சிறிய ஓர் உடலுக்கும் பொருந்துகிறது. கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளாகி, சிகிச்சை பெற்று, 'தேறிவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தையின் உடல் அது. இவ்வாறு தேறிய குழந்தைகளில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றனர். மருத்துவர்கள் இதை மறுசரிவு என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மறுசரிவு சில இடங்களில் ஏறக்குறைய இல்லை என்றும், சில இடங்களில் 37 விழுக்காடு வரை இருந்தது என்றும் தெரிந்தது. பெரும்பாலும் இது வீடு திரும்பிய முதல் 6 மாதங்களுக்குள் நிகழ்கிறது.

இரண்டு கோடுகள்

ஒரு குழந்தை கடும் ஊட்டக்குறைவில் இருக்கிறது என்பதை எப்படித் தீர்மானிப்பது? உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள முறைகள் மூன்று. முதலாவது, உயரத்துக்கு ஏற்ற எடை. நன்கு வளரும் குழந்தைகளின் சராசரி எடையிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கும் கீழே போனால் அது கடும் ஊட்டக்குறைவு. (திட்ட விலக்கம் உங்கள் கணக்குப் பாடத்தில் வருவதுதான். தேர்வோடு மறந்துவிடத் தக்க பொருள் அன்று என்பதற்கு இது ஒரு சான்று!) இரண்டாவது, மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு. இதை அளக்க வண்ணங்கள் தீட்டிய ஒரு நாடா போதும். அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அபாயம். மூன்றாவது, இரு கால்களிலும் நீர் கோத்து வீங்குதல்.

சிகிச்சையை முடித்துக்கொள்வதற்கும் ஒரு கோடு உண்டு. எடை இரண்டு திட்ட விலக்கக் கோட்டை எட்ட வேண்டும், அல்லது கையின் சுற்றளவு 12.5 சென்டிமீட்டரைத் தொட வேண்டும். வீக்கமும் வடிந்திருக்க வேண்டும்.

எண்களாகப் பார்ப்போம். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடை சுமார் 8.4 கிலோ கிராம். 6.6 கிலோவுக்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு. 7.2 கிலோவைத் தொட்டால் 'தேறிவிட்டது'. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு 600 கிராம். அந்தக் குழந்தையின் மிதப்பு இருப்பு அவ்வளவுதான்.

இப்போது ஓர் அலையை அனுப்புவோம். வயிற்றுப்போக்கினால் ஓரளவு நீர் வற்றிய குழந்தை தன் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை இழந்திருக்கும் என்பது மருத்துவக் கணக்கு. 7.2 கிலோவில் 5 விழுக்காடு 360 கிராம். 10 விழுக்காடு 720 கிராம். ஒரே வயிற்றுப்போக்கு, 600 கிராம் இருப்பையும் தாண்டிவிடக்கூடும். இழந்ததில் பெரும்பகுதி நீர்தான். உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் அது திரும்பிவிடும். ஆனால் நோயின்போது பசி எடுக்காது. காய்ச்சல் உடலின் எரிபொருளை வேகமாகச் செலவழிக்கும். அந்த நாட்களில் கரைந்த தசை தண்ணீர் குடித்தால் திரும்புமா? எட்டரைக் கிலோக் குழந்தைக்கு இது ஒரு வாரத் தொல்லை. 7.2 கிலோக் குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை.

தராசு சொல்லாத செய்தி

எடை திரும்பியதும் உடல் முழுவதும் திரும்பிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தராசு மொத்த நிறையை மட்டுமே காட்டும். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று பிரித்துக் காட்டாது. ஜமைக்காவில் நடந்த ஆய்வுகளில், துத்தநாகம் போதாத உணவு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு எடை கூடியது. ஆனால் கூடியதில் கொழுப்பின் பங்கு மிகுதி. தசையை வளர்க்க வெறும் கலோரி போதாது. துத்தநாகம், பொட்டாசியம், மக்னீசியம், புரதம் எல்லாம் தக்க அளவில் சேர வேண்டும்.

இன்னும் வியப்பான செய்தி பொலிவியா நாட்டின் கொச்சபம்பா நகரிலிருந்து 1990களில் வந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களுக்கு அது பயிற்சிக்கூடம் போன்றது. ஊட்டக்குறைவில் இச்சுரப்பி சுருங்கிவிடும். அங்குள்ள மருத்துவர்கள் மீயொலி அலைகளைக் கொண்டு அதை வாரந்தோறும் அளந்தார்கள். கப்பலிலிருந்து கடலாழம் காண்பதும் ஏறத்தாழ இதே எதிரொலித் தத்துவந்தான். எடை ஏறக்குறைய ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. தைமஸ் சுரப்பி தன் அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. அப்படியானால் நடுவே உள்ள ஒரு மாதம்? தராசு 'தேறிவிட்டது' என்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் 'இன்னும் இல்லை' என்கிறது. அந்த இடைவெளியில்தான் குழந்தையை நாம் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

கஞ்சியின் இயற்பியல்

அனுப்பிய பிறகு குழந்தை என்ன உண்கிறது? இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். முதலில் ஓர் எச்சரிக்கை: உணவியலார் கலோரி என்று பேசும்போது அது நம் இயற்பியல் நூலின் கிலோ கலோரி. ஆயிரம் மடங்கு வேறுபாடு!

7.2 கிலோக் குழந்தைக்கு உயிர் வாழவும் சாதாரணமாக வளரவும் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். இழந்த உடலைத் திரும்பக் கட்ட இன்னும் வேண்டும். ஒரு கிராம் திசு உருவாக ஏறத்தாழ 5 கலோரி செலவு. 600 கிராம் கூட வேண்டுமென்றால் 3,000 கலோரி. ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 100. ஆக 700 கலோரி.

இப்போது ஒரு பிடி அரிசியை, 30 கிராம் என்று கொள்வோம், நீர்த்த கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு டம்ளராக ஊற்றுங்கள். அரிசியில் கிராமுக்கு 3.5 கலோரி. டம்ளருக்கு 50 கலோரிதான் கிடைக்கும். 700 கலோரிக்கு 14 டம்ளர்! ஒரு வேளைக்கு அந்தக் குழந்தையின் வயிறு சுமார் 200 மில்லி லிட்டர்தான் கொள்ளும். அதாவது ஒரு டம்ளர். வயிறு நிறைந்து குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'நன்றாகத்தான் சாப்பிடுகிறான்' என்று தாய் சொல்வது பொய்யன்று. வயிறு நிறைவது பருமனளவால். உடல் வளர்வது ஆற்றலால். ஆற்றலைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல் அடர்த்தி. அங்கேதான் கஞ்சி தோற்றுப்போகிறது.

ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் 40 கலோரி. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை (30 கிராம்) சுமார் 170 கலோரி. அதை நைய அரைத்துத்தான் சிறு குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், முழுக் கடலை தொண்டையில் சிக்கும். சிகிச்சைக்குப் பயன்படும் பசை உணவும் இதே தத்துவத்தில் அமைந்தது. நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுடன் வைட்டமின்களும் தாதுக்களும் கலந்தது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதில் தண்ணீர் அறவே இல்லாததால் கிருமிகளும் பெருகுவதில்லை.

குழந்தைக்கு இவ்வளவு ஆற்றல் தேவைப்படுவதற்கு வடிவியலிலும் ஒரு காரணம் உண்டு. ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்குங்கள். பரப்பு நான்கில் ஒன்றாகும். கன அளவு எட்டில் ஒன்றாகும். அதாவது கன அளவை ஒப்பிடப் பரப்பு இரு மடங்காகிறது. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக. சிறிய உடல் பெரிய உடலைவிட வேகமாகக் குளிரும். தோலுக்கடியில் கொழுப்புப் போர்வையும் இல்லையென்றால் சொல்லவே வேண்டாம். கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தை, நம் ஊர் வெயிலிலும் இரவில் குளிர்ந்துபோய் ஆபத்துக்குள்ளாவது இதனால்தான்.

இடமும் வேகமும்

நிலையைப் பார்ப்பதா, நிலை மாறும் வேகத்தைப் பார்ப்பதா? இயக்கவியலில் முதல் பாடமே இதுதான். மேம்பாலத்தின் நடுவில் ஒரு பேருந்து இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது.

இந்தப் பாடத்தை ஊட்டச்சத்துத் துறையில் பெரிய அளவில் செயல்படுத்திய இடம் நம் தமிழ்நாடு. 1980ஆம் ஆண்டில், உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிற பகுதிகளுக்குக் கொண்டு சென்றார்கள். 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, ஓர் அட்டையில் புள்ளி வைத்து, கோடு இழுத்தார்கள். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு. அத்தோடு, பார்வைக்கு மோசமாக இல்லாவிட்டாலும் கோடு ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கும் கூடுதல் உணவு. உள்ளூர் மாதர் குழுக்கள் உருட்டித் தந்த சத்துமாவு லட்டு 90 நாட்களுக்குத் தரப்பட்டது. அதற்குள் 500 கிராமாவது கூடினால் உணவு நிறுத்தப்படும். கூடாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. உணவு நின்றாலும் எடை போடுவது நிற்கவில்லை. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அதே குழந்தை தராசில் ஏறியது. கோடு மறுபடி தொங்கினால் மறுபடி லட்டு. மறுசரிவை அதன் முதல் படியிலேயே பிடிக்கும் ஏற்பாடு இது. 1989இல் முதல் கட்டம் முடிந்தபோது, திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருந்ததாக மதிப்பிட்டார்கள். நடுத்தர ஊட்டக்குறைவு அவ்வளவாக அசையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் 500 கிராம்? அளவீட்டுப் பிழையை நினைத்துப் பாருங்கள். சுருள்வில் தராசில் ஒரு பிரிவு 100 கிராம். குழந்தையின் சட்டையும் அரைஞாணும் சேர்ந்து சில பத்துக் கிராம். பால் குடித்துவிட்டு வந்தால் இன்னும் 100 கிராம். இவற்றையெல்லாம் தாண்டித் தெளிவாகத் தெரியும் மாற்றம் வேண்டும். தராசைத் தொடங்குமுன் சுழிப்பிழை பார்க்க வேண்டும் என்று என் ஆய்வுக்கூட மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தூத்துக்குடியின் உப்புக் காற்றில் எஃகுச் சுருள் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. இங்கே சுழிப்பிழை என்பது செய்முறைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் மட்டும் அன்று. (இப்போது அங்கன்வாடிகளுக்கு மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன.)

வேலூரில் கண்டது

2016இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. டெல்லி, உதய்ப்பூர், வேலூர் ஆகிய மூன்று இடங்களில், கடும் ஊட்டக்குறைவுள்ள 906 குழந்தைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு உள்ளூரிலேயே தயாரித்த பசை உணவு. ஒரு பிரிவினருக்கு ஆலையில் தயாரித்தது. மற்றொரு பிரிவினருக்கு வீட்டுச் சமையலுக்குக் கூடுதல் பொருள்கள். 16 வாரங்களில், உள்ளூர்ப் பசை உண்டவர்களில் நூற்றுக்கு 57 பேர் தேறினர். ஆலைப் பசையில் 47 பேருக்கு மேல். வீட்டு உணவில் 43 பேர். இதற்குப் பிறகு சிகிச்சை உணவை நிறுத்தி, வழக்கமான அங்கன்வாடி உணவோடு மேலும் 16 வாரங்கள் கவனித்தார்கள். தேறியவர்களில் பலர் மீண்டும் கோட்டுக்குக் கீழே நழுவினர்.

குழந்தை திரும்பிச் சென்றது எந்த வீட்டுக்கு? அது மெலிந்துபோன அதே வீட்டுக்குத்தானே! 1930களில், இன்று கானா என்று வழங்கும் நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், கால் வீங்கி முடி வெளுக்கும் ஊட்டக்குறைவு நோயை 'குவாஷியார்கர்' என்ற உள்ளூர்ப் பெயராலேயே உலகுக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். வீட்டு நிலைமைதான் நோயின் பெயர்! நம் சேலத்தில் பிறந்து, குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் பின்பு ஐதராபாத்திலும் பணியாற்றிய டாக்டர் சி. கோபாலன், ஏறக்குறைய ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளில் சிலர் வற்றிப்போவதையும் சிலர் வீங்கிப்போவதையும் எடுத்துக்காட்டினார். தட்டில் இருப்பது மட்டுமே முழுக் கதையைச் சொல்லாது. குடிநீர், தொற்றுநோய், தாயின் வேலை, வீட்டின் வருமானம் எல்லாம் சேர்ந்தே எடையைத் தீர்மானிக்கின்றன. காங்கோ சனநாயகக் குடியரசில் நடந்த ஒரு சோதனையில், சிகிச்சை பெறும் குழந்தையின் குடும்பத்துக்கு 6 மாதங்கள் ரொக்கப் பணமும் கொடுத்தார்கள். அக்குடும்பங்களில் மறுசரிவு குறைந்தது. மருந்துப் பட்டியலில் பணம் என்று ஒன்று இல்லை. இருந்தாலும் அது வேலை செய்தது.

தமிழ்நாட்டில் 2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற திட்டம் உதகையில் தொடங்கப்பட்டது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு 56 நாட்கள் சிகிச்சைப் பசை உணவு தருவது இதன் ஒரு பகுதி. முதல் கட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகள் தேறியதாக அரசு அறிவித்தது. இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கியது. நல்ல செய்திதான். ஐம்பத்தேழாம் நாள் என்ன ஆகிறது என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடற்கரையின் பருவங்கள்

முத்துக்கு உலகப்புகழ் பெற்ற இக்கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்றைய பிழைப்பு மீனும் உப்பும் துறைமுக வேலையும். சங்கு குளிப்போரும் உண்டு. இவற்றில் மீனுக்கும் உப்புக்கும் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளத்தைக் காக்க அது தேவையான தடை. அரசு நிவாரணமும் உண்டு. உப்பளங்களுக்கோ வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அக்டோபர் முதல் வேலை இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாட்களில் வருமானமும் நிற்கும், குடிநீரும் கெடும். கையில் பணமில்லாத மாதமும் வயிற்றுப்போக்குப் பரவும் மாதமும் ஒன்றாக வந்தால், 600 கிராம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் அச்சில் மாதம். நேர் அச்சில் எடை. கணக்குக்காக இரண்டு ஆண் குழந்தைகளைக் கற்பனை செய்வோம். ஏப்ரலில் இருவருக்கும் 70 சென்டிமீட்டர் நீளம். முதல் குழந்தையின் தந்தை விசைப்படகில் வேலை செய்கிறார். அவன் எடை சனவரியில் 6.5, பிப்ரவரியில் 6.8, மார்ச்சில் 7.0, ஏப்ரலில் 7.2 கிலோ. இரண்டாவது குழந்தையின் தாய் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போகிறார். ஏப்ரல் அவருக்கு நல்ல வேலைக் காலம். அவன் எடை அதே மாதங்களில் 7.8, 7.6, 7.4, 7.2. ஏப்ரல் மாதத்தில் தராசு இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. கொட்டாம்பட்டி முறைப்படி யாருக்கு லட்டு நிற்கும்? யாருக்குத் தொடங்கும்? மே மாதம் இருவரில் யாருடைய வீட்டுக்கு முதலில் போய்ப் பார்ப்பீர்கள்?